அஞ்சாம் வடிவு

கரிசல்புதூருக்குக் காலை ஏழு நாற்பது பேருந்தில் ஆறு வடிவுகள் வந்து இறங்கிய அன்று, நிலையத்து டீக்கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, ஆறு பேருக்கும் சீனி போடவா, இல்லை வடிவு குடிக்கிறாற்போலக் கருப்பட்டியா என்பதுதான். ஆறு பேரும் ஒரே குரலில் கருப்பட்டி என்றார்கள். ஆறு பேரும் வடிவைப் போலவே சூடான கிளாஸை முந்தானையால் சுற்றிப் பிடித்து மூன்று முறை ஊதிக் குடித்தார்கள். குடித்துவிட்டு, எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று யாரிடமும் கேட்காமல், தபால் ஆபீஸைத் தாண்டி, தீப்பெட்டிக் கம்பெனியைத் தாண்டி, நாய் படுத்துக் கிடக்கும் முக்கில் வடிவு எப்போதும் செய்கிறாற்போல எதிர்ச்சாரிக்கு ஒதுங்கி நடந்து, கிழக்குத் தெருவில் வடிவின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். ஊர்க்காரர்கள் பல் விளக்கிக்கொண்டே பார்த்தார்கள். ஒரே முகமாக இருந்தாலும் ஆறு டிக்கெட்தான் கிழித்தேன் என்று கண்டக்டர் சொன்னதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்த நேரம் வடிவு உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள்.

செண்பகவடிவு என்பது முழுப்பெயர். முப்பதுக்கு இரண்டு வயது குறைவு. ஊர் நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எந்தப் பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு வரும், எந்தப் பிள்ளை பாதிச் சோற்றைத் தம்பிக்கென்று டப்பாவில் ஒளிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்குக் கீழ்த்தாடை கொஞ்சம் முந்திக்கொண்டு இருக்கும், சிரித்தால் கீழ்ப்பல் மேற்பல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்து செத்துப்போன அப்பாவின் தாடை அது. வருஷத்துக்கு இரண்டு தடவை, போட்டோ எடுக்கும்போதும் பெண் பார்க்க யாராவது வரும்போதும், அதைப் பற்றி நினைப்பாள், மற்ற நாளெல்லாம் மறந்துவிடுவாள். அந்த ஆவணியில் மின்வாரிய லைன்மேன் சிவனணைந்தான் வந்து, அவள் கொண்டு வைத்த கேசரியைச் சாப்பிட்டு முடிக்கிறதற்குள் சம்மதம் சொல்லிவிட்டான். தையில் கல்யாணம் என்று பேசி முடித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பல் முகாம் வந்தது. கூட வந்த டாக்டர் பெனிட்டா நாசரேத்துக்காரப் பெண். பல் டாக்டருக்குப் படித்து முடித்து, பல்வரிசையையும் தாடையையும் நேராக்குகிற மேல்படிப்பில் இருந்தாள். எப்படிப்பட்ட முகத்தைப் பல் டாக்டர்கள் அழகு என்கிறார்கள், எப்படிப்பட்ட முகத்தை மற்றவர்கள் அழகு என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதானா என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குப் பட்டம். அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. பிள்ளைகளின் வாயெல்லாம் பார்த்து முடித்துக் கை கழுவ வந்தவள், சாம்பார் அண்டாமேல் குனிந்திருந்த வடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் அந்தச் சுவத்தப் பாத்து நில்லுங்களேன்."

வடிவு கரண்டியோடு நின்றாள். டாக்டர் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றி, கண்ணை எடுத்து, நிறத்தை எடுத்து, சிரிப்பை எடுத்து, எல்லாவற்றையும் கறுப்பாக்கி, நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தத் தாடையை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினாள், இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு, இப்படி ஐந்து தடவை. முன்னால் ஒரு தடவை மட்டும் இழுத்தாள். அசலோடு சேர்த்து ஏழு முகம். வரிசையைக் கலைத்து ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டதில் அசல் வடிவுக்கு ஐந்தாம் எண் விழுந்தது.

"மூக்கு நுனியிலருந்து தாடை நுனிக்கு ஒரு நூல் பிடிச்சா, உதடு ரெண்டும் நூலுக்குக் கொஞ்சம் உள்ளாற இருக்கணும். எங்க கணக்குல அதான்க்கா அழகு" என்றாள் டாக்டர்.

"எங்க ஊரு கணக்குல?"

"அதக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

நாற்பது பல் டாக்டர்களிடமும் கரிசல்புதூரில் நாற்பது பேரிடமும் அந்த ஏழு கறுப்பு முகங்களைக் கொடுத்து, அழகு வரிசையில் அடுக்கச் சொன்னாள். தினமும் வடிவைப் பார்க்கிற ஊர், ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. பால்காரர் ஐந்தாம் எண்ணைப் பார்த்து, இது ஆம்பளயா பொம்பளயா என்று கேட்டார். சிவனணைந்தான் கம்பத்திலிருந்து இறங்கி வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் மூன்றாம் எண்ணைத் தொட்டு, "இது மகாலட்சுமில்லா" என்றான். வடிவின் அம்மா ஆவுடையம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக அடுக்கி, ஐந்தைக் கடைசியில் வைத்தாள். நாற்பதாவது ஆளாக, மரியாதைக்கு, வடிவிடமும் கொடுத்தார்கள். அவளும் ரொம்ப நேரம் யோசித்து ஐந்தைக் கடைசியில் வைத்தாள்.

"அஞ்சு நீங்கதான்க்கா" என்று டாக்டர் சொன்னபோது வடிவு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பாதிச் சிரிப்பில் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது.

மதிப்பெண் கூட்டியபோது டாக்டர்கள் இரண்டாம் எண்ணை முதலில் வைத்திருந்தார்கள், நூலுக்கு மயிரிழை பிசகாத முகம். ஊர்க்காரர்கள் மூன்றாம் எண்ணை வைத்திருந்தார்கள், இரண்டைவிட உதடு கொஞ்சம் பூரித்த முகம். ஐந்தாம் எண்ணுக்கு இரு தரப்பிலும் ஆறாமிடம். அந்த ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை என்று பெனிட்டா எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கூட்டி முடித்தாள். திங்கட்கிழமை காலை, அசல் போக மீதி ஆறு பேரும் பேருந்தில் வந்து இறங்கினார்கள்.

எதற்கு வந்தார்கள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எங்கே தங்குவார்கள் என்றுதான் கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தாடை நீளத்துக்கெல்லாம் தனிக் கார்டு கொடுக்க விதியில்லை என்று சொல்லி, ஆனாலும் சாப்பிடாமல் இருக்க முடியாதே என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒன்றாம் வடிவு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டப் போனாள். தாடை ரொம்பவும் உள்வாங்கியிருந்த ஏழாம் வடிவைப் பிள்ளை இல்லாத போஸ்ட்மாஸ்டர் வீட்டில் மகளாக வைத்துக்கொண்டார்கள். தாடை எல்லாரையும்விட முந்தி நின்ற ஆறாம் வடிவு, அவளைக் கண்டால் கூட்டம் தானாக விலகியதால், சந்தையில் வண்டிகளை ஒழுங்குபடுத்தினாள். நாலாம் வடிவு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டாள். இரண்டாம் வடிவை மாவட்டத் தலைநகரின் பெரிய பல் ஆஸ்பத்திரியில் கார் அனுப்பி அழைத்துப்போய், உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கிற மேஜையில், பக்கவாட்டாகத் திருப்பி உட்காரவைத்தார்கள்.

மூன்றாம் வடிவு எங்கும் போகவில்லை. அன்று காலை கதவைத் திறந்த ஆவுடையம்மாள், வாசலில் நின்ற ஆறு மகள்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மூன்றாமவள் கையைப் பிடித்து, "வா தாயி, வெயில்ல நிக்காத" என்று உள்ளே கூட்டிப் போயிருந்தாள்.

"அம்மா, நான் இங்கதான இருக்கேன்" என்றாள் வடிவு, சீப்பு தலையிலேயே நிற்க.

"நீ இருக்க. யாரு இல்லன்னா? அவளும் இருந்துட்டுப் போறா."

போட்டோ எடுத்த நாள் வரைக்கும் வடிவுக்கு என்னவெல்லாம் ஞாபகமோ அவ்வளவும் மூன்றாமவளுக்கும் ஞாபகம் இருந்தது. அப்பா லாரியிலிருந்து இறங்கும்போது அடிக்கிற டீசல் வாசம், ஏழாம் வகுப்பில் பரிசாக வாங்கிய சில்வர் கிண்ணம், ஆவணியில் கிண்டிய கேசரி அடிப்பிடித்தது எல்லாமே. அதனால் அவளை வேஷக்காரி என்று சொல்ல வழியில்லை. காலையில் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே செம்பை எடுக்கக் கை நீட்டினார்கள். இருவருக்கும் அந்தப் பச்சைச் சேலைதான் பிடித்தது. "நீ கட்டிக்க" என்று மூன்றாமவள் ஒவ்வொரு முறையும் விட்டுக் கொடுத்தாள். விட்டுக் கொடுக்கிறது வடிவின் குணம், அதையும் அவள் எடுத்து வந்திருந்தாள். நாளாக நாளாக ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது குழப்பம் வரக் கூடாதென்று எண் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிறந்ததிலிருந்து வடிவாக இருந்தவள் அஞ்சாம் வடிவு ஆனாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் "அஞ்சாம் வடிவக்கா, சோறு" என்று தட்டை நீட்டின.

கார்த்திகை மாதம் சிவனணைந்தான் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு வந்தான். வாசற்படியிலேயே நின்றான்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் வடிவு. கோவப்படக் கூடாது."

"கேளுங்க."

"நான் வந்து பாத்தது உன்னத்தான். பேசினது உங்கிட்டத்தான். இல்லன்னு சொல்லல. ஆனா அதெல்லாம் அவளுக்கும் தெரியுதே? அன்னைக்கு கேசரில முந்திரி பத்தலன்னு நீ வருத்தப்பட்டேல்ல, அதக்கூடச் சொல்றா. நீ எதுவோ அது அவளும்தான். அப்ப நான் உனக்கு என்ன துரோகம் பண்றேன்?"

"எதுவும் பண்ணல."

"நாலு மில்லிமீட்டர்தான வித்தியாசம்."

"ஆமா, நாலுதான். நான் அளந்து பாக்கல, டாக்டரம்மா சொன்னாக." அரிசியில் கல் பொறுக்குவதை வடிவு நிறுத்தவில்லை. "போய்ட்டு வாங்க. வெந்துட்டிருக்கு, அடிப்பிடிச்சிரும்."

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் பெனிட்டா படிக்கிற பல் மருத்துவக் கல்லூரிக்குப் பேருந்து ஏறினாள். பெனிட்டா அவளைக் கண்டதும் எழுந்து நின்றாள். கெட்ட பெண் இல்லை அவள், ராத்திரியெல்லாம் உறங்காமல் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தாள்.

"இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுக்கா. எங்க சார் கிட்ட கேட்டேன், கட்டுரையில இத எழுத எடமில்லன்னு சொல்லிட்டாங்க."

"அவுகளத் திருப்பி அனுப்ப முடியாதா?"

"எங்க அனுப்ப?" டாக்டர் மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் தாடையைக் கையில் எடுத்தாள். "ஒண்ணு செய்யலாம். உங்க தாடை எலும்ப ரெண்டு பக்கமும் வெட்டி, நாலு மில்லி உள்ள தள்ளி, பிளேட் வச்சிரலாம். ஒன்றரை மாசம் கஞ்சி ஆகாரம். நானே சொல்லி இலவசமாப் பண்ண வைக்கிறேன். பண்ணிட்டா நீங்க அப்படியே மூணு மாதிரி ஆயிருவீங்க."

"மூணுதான் ஏற்கனவே இருக்காளே டாக்டர்" என்றாள் வடிவு.

டாக்டர் காபி வாங்கிக் கொடுத்தாள். வடிவு குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையைத் திரும்ப அடிக்க வேண்டிய வேலைகூட இல்லை. மணமகள் செல்வி செண்பகவடிவு என்று இருந்தது, அது அப்படியே சரியாகப் பொருந்தியது. வடிவைப் பெண்ணுக்கு அக்கா என்று வந்தவர்களிடம் சொன்னார்கள். அக்கா முறைக்கு நின்று, தங்கைக்கு மாலை சரி செய்து, பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயசம் ஊற்றினாள். வீடியோக்காரர் மணமக்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நிறுத்தி எடுத்தார். அக்கா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது என்று இரண்டு தரம் சொன்னார். ஆவுடையம்மாள் அன்று சந்தோஷமாக இருந்தாள். புருஷன் செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து ஊர் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் டாக்டர் சொன்ன அந்த அழகு நூல் ஊரில் பரவியது. பெட்டிக்கடையில் பொட்டு அட்டைக்குப் பக்கத்தில் சாண் நீள வெள்ளை நூல் கட்டித் தொங்கியது. பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத் தட்டை வாங்கும் முன் நூலை எடுத்தார்கள், பெண்ணின் அத்தை ஒரு நுனியை மூக்கில் வைக்க மாப்பிள்ளையின் அத்தை மறுநுனியைத் தாடையில் வைத்து, உதடு இடிக்கிறதா இல்லையா என்று இரு வீட்டாரும் குனிந்து பார்த்தார்கள். சவரக்கடையில் முடி வெட்டி முடித்ததும் நூல் பிடித்துக் காட்டுகிறது வழக்கமானது. ஜாதகம் பார்க்கும் வள்ளுவர் மட்டும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் அவரும் ஜாதகக்கட்டுக்குக் கீழே ஒரு பக்கவாட்டுக் கோடு வரைந்து கொடுக்க ஆரம்பித்தார். இருபது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர்கள் ஒருவரை ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்து அமைதியானார்கள்.

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் பெனிட்டா அதே ஏழு முகங்களோடு மறுபடியும் வந்தாள். அதே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்து நூலை எடுத்து வைத்து, டாக்டர்கள் அடுக்கிய அதே வரிசையில் மளமளவென்று அடுக்கினார்கள். முதலிடம் இரண்டாம் எண்ணுக்கு. மூன்றாம் எண்ணைப் பார்த்து, உதடு ஒரு நூல் தடித்துப் போச்சே என்று பால்காரர் உச்சுக் கொட்டினார். நிபுணர்களுக்கும் பொதுமக்களுக்கும் இனி வித்தியாசமில்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டாள். பாராட்டும் கிடைத்தது.

அதிலிருந்து சிவனணைந்தானுக்குப் பல்வலி வர ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு முறை, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு பெரிய பல் ஆஸ்பத்திரிக்குப் போனான். டோக்கன் வாங்கிக்கொண்டு, வரவேற்பு மேஜைக்குப் பக்கவாட்டில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். டோக்கனைக் கூப்பிட்டால் உள்ளே போகமாட்டான்.

ஒரு நாள் மதியம் மூன்றாம் வடிவு சமையலறைக்கு வந்தாள். ஏழு மாத வயிறு. வடிவு பலகையை எடுத்துப் போட்டாள். மூன்றாமவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நேத்து அவர் ரெண்டாமவ கிட்ட பேசினாராம், அவளே போன்ல சொன்னா. என்ன சொன்னார் தெரியுமா? நீயும் அவளும் ஒண்ணுதான, இதுல என்ன துரோகம்னு கேட்டாராம்."

வடிவு அடுப்பைத் தணித்தாள்.

"உங்கிட்ட கேட்ட அதே கேள்வி" என்றாள் மூன்றாமவள். "நீ சொல்லல. அவரே பெருமையாச் சொன்னார், உன்ன எப்படிச் சமாதானப்படுத்தினேன்னு. அன்னைக்கு நானும் கூடச் சேந்து சிரிச்சேன். நீ என்ன அடிக்கணும்னா அடிச்சிரு."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

தட்டில் சோறு போட்டு முட்டையும் வைத்தாள் வடிவு. மூன்றாமவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து பார்த்தபோது, தான் அழுதால் இப்படித்தான் இருக்கும் என்று வடிவுக்குத் தெரிந்தது. சந்தோஷம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, இல்லாமலில்லை. அது வந்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாமவளின் முகத்தைத்தான் மாற்றியிருந்தார்களே தவிர ரத்தத்தை யாரும் மாற்றவில்லை. குழந்தைக்குக் கீழ்த்தாடை முந்திக்கொண்டு, செத்துப்போன லாரி டிரைவரின் தாடையாக இருந்தது. அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஆவுடையம்மாள் பேத்தியை மடியில் போட்டு நூலை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு நூலைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "மதிவதனின்னு பேரு வைங்க, பேராவது நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவனணைந்தான் பார்க்க வந்தவன் குழந்தையை முன்பக்கமாகவே தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் திருப்பாமலேயே திரும்பக் கொடுத்தான்.

வதனி வளர்ந்து ஒன்றாம் வகுப்புக்கு வந்தாள். பெனிட்டா அதற்குள் பட்டம் வாங்கி ஊர்ச் சந்தைக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். வளர்கிற பிள்ளையின் தாடையை வெட்டத் தேவையில்லை, வளரவிடாமல் பிடித்து நிறுத்தினால் போதும் என்று சொல்லி, தாடைக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் அதை உச்சந்தலையோடு இழுத்துக் கட்டும் வாரும் கொடுத்தாள். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் போட வேண்டும். வாரில் வரிசையாகத் துளைகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஏற்கனவே ஒன்பது பிள்ளைகளுக்கு வார் இருந்ததால் யாரும் அதை விநோதமாகப் பார்க்கவில்லை.

வார் போட்டால் சோறு மெல்ல முடியாது. மதியம் மணி அடித்ததும் வதனி சமையலறைக்கு ஓடி வருவாள். "பெரியம்மா, கழட்டு." வடிவு கழற்றுவாள். தாடையில் சிவந்த தடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவாள். சாப்பிட்ட பிறகு திரும்ப மாட்டும்போது, டாக்டர் சொன்ன துளையில் மாட்டாமல், இரண்டு துளை தளர்த்தி மாட்டிவிடுவாள். அந்தப் பிள்ளை மத்தியானம் முழுக்க வாய்ப்பாடு சொல்லுவாள், பாடுவாள், வாய்விட்டுச் சிரிப்பாள். ஒன்றரை வருஷம் வடிவு இதைச் செய்தாள், யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அளக்கும்போதெல்லாம், ஏன் பலனில்லை என்று பெனிட்டா குழம்பினாள்.

இரண்டாம் வகுப்பு பாதியில் ஒரு நாள் வதனி ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். ஆண்டுவிழாவுக்கு முன்வரிசையில் ஆட ஆறு பெண் பிள்ளைகள் வேண்டுமென்று டீச்சர் நூல் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வதனியைத் திரைக்குப் பின்னால் நின்று பாடச் சொல்லியிருந்தார்கள். உனக்குத்தான் நல்ல குரலாச்சே என்று டீச்சர் அன்பாகத்தான் சொன்னார்களாம்.

"திரைக்குப் பின்னாலன்னா அம்மாவுக்கு என்னத் தெரியாதே பெரியம்மா?"

"குரல் கேக்கும் தாயி."

வதனி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. பிறகு வாரைத் தானே எடுத்து நீட்டினாள்.

"இத நல்லா இறுக்கினா சீக்கிரம் உள்ள போயிருமா?"

சொல்ல வேண்டியது எல்லாம் வடிவின் வாய் வரைக்கும் வந்தது. உன் தாடையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லலாம். பள்ளிக்கூடம் முடிந்து, ஊர் முடிந்து, பெண் பார்க்க வந்து, கம்பத்திலிருந்து இறங்கி வந்து ஒருவன் கையுறையோடு தொட்டுக் காட்டுகிற நாள் வரைக்கும் அந்தச் சொல் இவளோடு கூட வருமா என்று யோசித்தாள். அடுப்பில் பால் பொங்கியது, இறக்கி வைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, கிண்ணத்தைத் தாடையில் பொருத்தி, வாரை டாக்டர் சொன்ன துளைக்கு இழுத்து மாட்டினாள்.

"வலிக்குதா?"

வதனியால் வாயைத் திறக்க முடியவில்லை. கண் கலங்க, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

வடிவு இன்னும் ஒரு துளை இறுக்கினாள்.